அப்பாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

கேள்வி இதுதான். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், சபையில் நெடுங்காலம் பொருளாளராக இருந்தவர், போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் போடக் குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. ‘அன்பான குடும்பத் தலைவர்’, ‘விசுவாச வீரர்’, ‘சமூக சேவகர்’ என்று உறவினர்கள் மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து அரைப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, யாரைப் போய் விசாரிப்பது, எதை எழுதுவது, எதை விடுவது என்று மகன் கேட்கிறார்.

முதலில் அந்த மூன்று தலைப்புகளையும் எடுத்துவிடுங்கள், தம்பி. எழுத வராததற்குக் காரணமே அவைதான். மழைக்கு ஒழுகுகிற ஒரு விதவையின் வீட்டுக்குக் கூரை மேய உங்கள் அப்பா ஆள் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அது எந்தத் தலைப்பில் வரும்? வேலைக்குப் போன ஆளுக்குச் சோறு ஆக்கிப் போட்டது உங்கள் அம்மா. கூலி போனது வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில். வேலை முடிந்ததும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு வந்தது அப்பா. எல்லாம் ஒரே வேலை. அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ‘அன்பானவர்’, ‘பண்பானவர்’, ‘தயாள குணம் உள்ளவர்’ என்பது மட்டும்தான் மிஞ்சும். அதை யாரைப் பற்றியும் எழுதலாம். உங்கள் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியது, அவர் எந்த எந்தக் காரியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நடத்தினார், அதற்கு வீடு என்ன கொடுத்தது என்பதைத்தான்.

நம் சீமையில் இது புதிதாக வந்த வழக்கம் இல்லை. பாளையங்கோட்டையில் 1785-ல் பிரதிஷ்டையான சிற்றாலயத்தைக் கட்டியவர், 1778-ல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற க்ளோரிந்தா என்ற விதவை. ஒரு பெண் தன் கைப்பொறுப்பில் செய்த காரியம் அது. அப்புறம் 1799-ல் முதலூர். புது மார்க்கத்துக்கு வந்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன குடும்பங்களுக்காக நிலம் வாங்கி, சபை ஊழியரான தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய குடியிருப்பு. இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்காக அந்த ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அது துரத்தப்பட்டவர்களுக்குக் கிடைத்த கூரை. 1830-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கமும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மனையும் நிலமும் வாங்கிக் கொடுப்பதற்காகவே ஏற்பட்டது. மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், பிரகாசபுரம் என்று நம் பக்கம் கேட்கிற ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு காலம் இருக்கிறது. கோயில், பள்ளிக்கூடம், கிணறு, வீட்டு மனை எல்லாம் சேர்த்தேதான் இங்கே விசுவாசம் என்று அறியப்பட்டது. உங்கள் அப்பா அந்த வழியில் வந்தவர். அவரை மூன்று துண்டாக எழுத முடியாது.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இடையன்குடி கோயில் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. 33 வருஷம். கட்டியவர் கால்டுவெல் ஐயர் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 33 வருஷமும் மணலும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் யார், கூலி கொடுத்துக் கணக்கு வைத்தவர் யார், வேலைக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள் யார்? அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பான அசரியா ஐயருக்கு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியதே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையிலிருந்து. அதைக் கிராமம் கிராமமாக வாங்கி, எண்ணி, முடிந்து அனுப்பியவர்கள் உங்கள் அப்பாவைப் போன்ற பொருளாளர்கள். அவர்களைப் பற்றி எழுத வீட்டாரை விட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் இந்த மலரை நீங்கள் சிரத்தையாகச் செய்ய வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

சரி, பொருளாளர் வேலையிலிருந்தே தொடங்குவோம். ‘25 ஆண்டுகள் பொருளாளராகச் சேவை செய்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்த வேலையில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். மாதச் சங்கக் காணிக்கை இருக்கிறது. பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சை பாஸ், வெளிநாட்டு வேலை என்று ஒவ்வொன்றுக்கும் கவரில் போட்டுக் கொடுக்கிற ஸ்தோத்திரக் காணிக்கை இருக்கிறது. உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு கைப்பிடி அள்ளித் தனியாக எடுத்து வைக்கிற அரிசி இருக்கிறது. அதைச் சேர்த்து வாங்கி, அளந்து, விற்றுக் கணக்கில் ஏற்ற வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறது. வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, காலைக் கட்டிப்போட்ட சேவல் என்று பீடத்தின் முன் வந்து குவிவதையெல்லாம் ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். கடையில் விற்கிற விலையைப் போல நாலு மடங்கு வரை உற்சாகத்தில் கேட்டுவிடுவார்கள். பணம் கட்டுவது பிறகு. அந்த நிலுவைப் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் பொருளாளர்.

அந்த ஏலக் கணக்கு நோட்டு கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். சபையில் அனுமதி கேட்டு நிதானமாகப் புரட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், பொருளாளராக இருந்த பெரியவர் ஒருவரின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட நீளக் கணக்கு நோட்டு, ஊதா மை. நிலுவை வைத்தவர் பெயருக்கு எதிரே ‘வரவு’ என்று எழுதி, பக்கத்தில் சிறிதாக ஒரு புள்ளி வைத்திருப்பார். எல்லாப் பெயருக்கும் புள்ளி இல்லை. அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்தவர்கள், பனையிலிருந்து விழுந்து படுத்துக் கிடந்தவர், மகளுக்குக் கல்யாணம் முடித்துக் கடனில் இருந்தவர், இப்படிப்பட்ட பெயர்களுக்கு மட்டும். அவர் மனைவியிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பணத்தை எல்லாம் அவரே தன் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கிறார். சம்பந்தப்பட்டவர்களிடம் ‘உங்க பாக்கி முடிஞ்சிட்டுது’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வருஷங்களில் வீட்டுக்குத் தீபாவளி சமயத் தள்ளுபடித் துணி கூட எடுக்க முடியவில்லை, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் பழைய சட்டையையே துவைத்துப் போட்டோம் என்றும் அந்த அம்மாள் சொன்னார்கள். அவர் குடும்பத்தார் அச்சடித்த மலரில் ‘தாராள மனம் படைத்தவர்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அந்தப் புள்ளிகளையும், அந்தப் பழைய சட்டையையும் எழுதியிருந்தால் அந்தச் சொல்லே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் அப்பா இதையேதான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நோட்டில் வேறு ஏதாவது இருக்கும். போய்ப் பாருங்கள்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை பற்றியும் விசாரியுங்கள். நம் பக்கத்துச் சபை மனுஷன் ஒருவரைத் தெரிந்துகொள்ள அசனத்துக்கு முந்தின ராத்திரி போதும். காய்கறி வெட்டப் பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு பக்கம் தேங்காய் துருவல், ஒரு பக்கம் வெங்காயம். ஆடு உரிக்கிற இடம் தனி. கிடாரத்தை அடுப்பில் ஏற்றவே நாலு பேர் வேண்டும். இதில் உங்கள் அப்பா எங்கே நின்றார்? அரிசி மூட்டை எண்ணினாரா, விறகுக்குப் போனாரா, பந்தியில் நின்றாரா, எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் பாத்திரம் சரிபார்த்தாரா? வர முடியாத நோயாளிகள் வீட்டுக்குத் தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டது யார்? ஆளுக்கு ஒரு இடம் இருக்கும், வருஷா வருஷம் அதே இடம். ஊரில் யாரைக் கேட்டாலும், ‘சார் அங்கனதான நிப்பாவ’ என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த இடத்தை எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். முன்பெல்லாம் கிராமத்தில் உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆள். பகலில் பாடம், சாயங்காலம் கோயிலில் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பல ஊர்களில் பள்ளி நடந்ததே ஜெபவீட்டில். அப்பா காலத்துக்குள் வேலைகள் பிரிந்துவிட்டன என்றாலும், மிஷன் பள்ளி ஆசிரியரிடம் ஊர் எதிர்பார்த்தது மாறவில்லை. மனு எழுதிக் கொடுக்க வேண்டும், பம்பாயிலிருந்து வருகிற கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டும், மணியார்டர் வந்தால் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தாராவிக்கும் சென்னைக்கும் இலங்கைக்கும் ஆள் போன ஊர்களில் ஒவ்வொரு வீட்டு ரகசியமும் வாத்தியாருக்குத் தெரியும். தெரிந்தும் வெளியே சொல்லாமல் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய சேவை!

உங்கள் பக்கம் தேரிக்காடும் பனையும். பனைச் சீசன் வந்தால் மாசிக்குப் பின்பு பிள்ளைகள் வகுப்பில் குறைந்துவிடுவார்கள். அப்பன் காலையிலும் சாயங்காலமும் பனை ஏறுவான், ஆத்தாள் விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் கருப்பட்டி ஊற்றுவாள். ஓலை பொறுக்கவும் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் மூத்த பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளையை மறுபடி பள்ளிக்குக் கொண்டுவர விடிலி வரைக்கும் நடந்து போன ஆசிரியர்கள் இருந்தார்கள். 1956-ல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அன்று அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். பள்ளியில் சோறு கிடைத்தது பாதிப் பிள்ளைகளை இழுத்து வந்தது. மீதிப் பிள்ளைகளுக்காக யாராவது ஒருவர் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவிடம் படித்தவர்களில் பனையேறி வீட்டுப் பிள்ளைகள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் கிடைத்தாலே மலரின் நல்ல பக்கங்கள் வந்துவிடும். அவர்கள் சொல்வதை உங்கள் நடையில் திருத்தாமல், அவர்கள் பேசினபடியே போடுங்கள்.

இப்போது பதிவேடுகள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அப்பாவின் ஞானஸ்நானப் பதிவேடு சேகர ஆபீசில் (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) இருக்கும். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் தொழில், ஞானப் பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் என்று ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் கதை கிடைக்கும். பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பிறந்த தேதியோடு ஒத்துப்போகாமல் இருந்தால் பதறாதீர்கள். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது அன்று சகஜம், ஞானஸ்நானப் பதிவேட்டையே நம்பலாம். ஞானப் பெற்றோராக யார் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள், தாத்தாவுக்கு நெருக்கமானவர்கள் யார் என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் சபை இன்று தனிச் சேகரமாக இருந்தால், பழைய பதிவேடு தாய்ச் சேகரத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கேயும் கேட்டுப் பாருங்கள். ‘உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது தாருங்கள், ஐயா’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனால் வேலை சுலபமாக நடக்கும். பண்டிகைச் சமயத்திலும் சனிக்கிழமை சாயங்காலமும் போகாதீர்கள்.

ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளம் 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அப்புறம்தான் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலம் பிரிந்தது 2003-ல். அதுவரை திருநெல்வேலித் திருமண்டலம், அதன்பின் உங்கள் பகுதி தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலம். ஆகவே பள்ளி நிர்வாகத்தின் பெயர் அப்பாவின் நியமன உத்தரவில் டி.டி.டி.ஏ. என்றும் பிந்தின காகிதங்களில் டி.என்.டி.டி.ஏ. என்றும் இருந்தால் இரண்டும் சரிதான். மலரில் அந்தந்தக் காலத்துப் பெயரையே போடுங்கள். பழைய திருமண்டல மாத இதழான ‘நற்போதகம்’ வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகக் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், கோயில் பிரதிஷ்டை, பண்டிகை, பள்ளி விழாச் செய்திகளுக்கு அதைப் புரட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் வேதாகமம். முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி, வீட்டுக் கடைக்கால் போட்ட தேதி எழுதியிருப்பார். ஓரத்தில் கோடு போட்ட வசனங்கள் இருக்கும். பெரும்பாலான நினைவு மலர்களில் ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்’ என்ற வசனம்தான் முகப்பில் இருக்கும். அருமையான வசனம், மறுக்கவில்லை. ஆனால் அப்பா கோடு போட்டது வேறொரு வசனம் என்றால் அதைப் போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதியிருந்தால், அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். அங்கே அவருடைய விசுவாசம் பிடிபடும்.

அம்மாவைப் பற்றி: மலரில் அவர்களை ‘வாழ்க்கைத் துணைவியார்’ என்று ஒரு படத்துக்குக் கீழே போட்டு முடித்துவிடாதீர்கள். பழைய வரலாற்றிலேயே நாம் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். இடையன்குடி என்றால் கால்டுவெல் பெயர்தான் வருகிறது. அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பும் பின்னல் லேஸ் வேலையும் சொல்லிக்கொடுத்து, கையில் நாலு காசு வர வழி செய்த அவர் மனைவி எலைசா அம்மாள் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. உங்கள் அப்பா எந்நேரமும் கோயில், பள்ளி, ஊர் என்று போக முடிந்தது என்றால் வீட்டை அம்மா தாங்கினார்கள் என்று அர்த்தம். கன்வென்ஷன் பிரசங்கியார்கள் எத்தனை பேருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் சோறு வடித்தார்கள்? அவசரத்துக்கு யாருக்காகத் தாலிச் செயின் அடகுக்குப் போனது? அப்பா வராமல் பிள்ளைகளைத் தனியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன ராத்திரிகள் இருந்தனவா? அம்மா மனம் விட்டுப் பேசினால் கொஞ்சம் கோபமும் வரும். அதையும் பக்குவமாக எழுதுங்கள். ‘ஊருக்கெல்லாம் ஓடுவாவ, வீட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்க மட்டும் மறந்திருவாவ’ என்று அம்மா சொன்னால் அதை அப்படியே போடலாம். அப்பாவின் மதிப்பு குறையாது, உயிரோடு இருந்த மனுஷன் என்பது தெரியும்.

சபைக்கு வெளியே உள்ளவர்களிடம் கட்டாயம் போங்கள். டீக்கடைக்காரர், டிரைவர், அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறவர், பக்கத்து ஊர் ராவுத்தர், ரேஷன் கடைக்காரர். சபையார் அப்பாவைப் புகழ்வது இயல்பு. சபைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இருப்பவர் சொல்கிற வார்த்தைக்கு எடை அதிகம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையைக் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்து ஊர்கள் தீவாகிப்போயின. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோக, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான பேருக்குப் பக்கத்தில் உள்ள புதுக்குடி மக்கள் சோறாக்கிப் போட்டார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் உங்கள் அப்பா வயசான மனுஷன். இருந்தாலும் சும்மா இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கோயிலைத் திறந்துவிட்டாரா, பள்ளிச் சாவியைத் தேடிக் கொடுத்தாரா, செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கித் தந்தாரா? 1992 நவம்பர் வெள்ளத்தையும் கேளுங்கள், அப்போது அவர் நல்ல திடகாத்திரமாக இருந்திருப்பார்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். சபை என்றால் கட்சி உண்டு, தேர்தல் உண்டு, கோர்ட் கேஸ் கூட உண்டு. நம் பக்கத்துச் சேகரங்களில் இதைப் பார்க்காத பொருளாளர் கிடையாது. யார் மேல் யார் பிராது கொடுத்தார்கள் என்பதை நினைவு மலரில் எழுத வேண்டாம். எதிர்க் கட்சிக்காரர் வீட்டுச் சாவுக்கு அப்பா முதல் ஆளாகப் போய் நின்றார் என்றால் அதை எழுதுங்கள், பெயர் போடாமல்.

சாதி விஷயம் இன்னும் கூர்மையானது, ஆனால் தப்பிக்கக் கூடாது. ரேனியஸ் ஐயர் தம்முடைய பாளையங்கோட்டைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற காலத்திலிருந்து இது நம் சபைகளோடு வருகிறது. வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து எழுப்பிய சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில், அசனப் பந்தியில், கல்யாணச் சம்பந்தத்தில் அந்தச் சுவர் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் அப்பா ஒரு பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார் என்றால், ஒரு கலப்புக் கல்யாணத்துக்குத் துணிந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார் என்றால், அது மலரின் முதல் பக்கத்துக்குரிய செய்தி. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் ‘சாதி மத பேதம் பாராதவர்’ என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள்.

எழுதுகிற விதம் பற்றிக் கொஞ்சம். ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் மகனாக இன்ன தேதியில் பிறந்தார்’ என்று தொடங்க வேண்டியதில்லை, அதைக் கடைசிப் பக்கத்தில் வம்சாவளியாகப் போட்டுவிடலாம். அவர் வழக்கமாகச் செய்த ஒரு வேலையில் தொடங்குங்கள். அதிகாலையில் கோயில் மணி அடிக்குமுன் எழுந்து என்ன செய்தார், குடும்ப ஜெபத்தில் யார் யார் பெயரைச் சொல்லி ஜெபித்தார், எந்தக் கீர்த்தனையை எப்போதும் ஒரே ராகத்தில் கொஞ்சம் இழுத்துப் பாடுவார். பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்தால் அந்த ஜெபப் பட்டியல் திரும்ப வந்துவிடும், அதில் இருக்கிற ஊர்க்காரர் பெயர்களைப் பாருங்கள். அவருடைய சமூக சேவையின் முழுப் பட்டியலும் அநேகமாக அதுதான். தலைவர்களின் வாழ்த்துச் செய்தி, ஆசிச் செய்தி எல்லாம் சேர்த்துப் பக்கத்தை நிரப்பாதீர்கள், மரியாதைக்கு ஆயரவர்கள், சேகர குரு என்று ஒன்றிரண்டு போதும். படங்களுக்குக் கீழே நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக இப்போதே எழுதி வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறபோதே முடிக்க வேண்டிய வேலை அது. உங்கள் அத்தைமாரிடம் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் சரிப்பட்டு வராது.

அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ‘இது வேண்டாம்’ என்று சொல்வதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பிரதிகள் வந்ததும் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதோடு, ஒன்று சேகர ஆபீசுக்கு, ஒன்று அப்பா வேலை பார்த்த பள்ளிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு என்று கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் கணக்கு நோட்டுகள் வீட்டில் ஏதாவது தங்கியிருந்தால், படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைச் சபையில் ஒப்படைத்துவிடுங்கள்.

நினைவு நாளுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. எப்படியும் முதல் காரியமாக அந்த ஏலக் கணக்கு நோட்டைத் தேடுங்கள். கிடைத்ததும் எழுதுங்கள், புரியாத குறிப்பு ஏதாவது இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.